பொதிகையா, தேரியா, ஆற்றங்கரையா: நெல்லைச் சீமையில் பாறை படிக்க எங்கே தொடங்குவது?

நிலவியலைப் பொழுதுபோக்காகக் கற்க ஆசைப்படும் நம்மூர்க்காரர்கள் வழக்கமாக இரண்டு வழியில் போவார்கள். ஒரு கூட்டம் இணையத்தில் இலவச வகுப்பு ஒன்றில் பெயர் கொடுத்துவிட்டு, படிக அமைப்பு பற்றிய பாடம் வந்ததும் நின்றுவிடும். இன்னொரு கூட்டம் குற்றாலம், பாபநாசம் என்று கிளம்பிப் போய், "எல்லாம் கிரானைட்தான்" என்று சொல்லிக் குளித்துவிட்டுத் திரும்பும். இரண்டு கூட்டத்துக்கும் ஆர்வத்தில் குறைவில்லை. தொடங்கிய இடம்தான் சரியில்லை.

என் கட்சி இதுதான்: எந்த வகுப்பு, எந்தப் புத்தகம் என்பதைவிட எந்த நிலம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த நிலம் மலையாக இருக்க வேண்டாம். கிழக்கே தேரிக்காடும் (செம்மணல் மேடுகள்) கடற்கரையும் இருக்கட்டும். மலை அழகானதுதான், ஆனால் புதிதாகப் படிப்பவருக்கு அது கடைசிப் பாடம்.

பாபநாசத்திலிருந்து திருச்செந்தூருக்குச் சாலை வழியே சுமார் நூறு கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் மலைப்பாறை, ஆற்று வண்டல், செம்மணல் தேரி, கடலோர மணற்கல் என்று வயதில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நிலங்கள் வரிசையாக இருக்கின்றன. வடக்கே கோவில்பட்டிப் பக்கம் போனால் கரிசல். கரிசல் என்றாலே தக்காணத்து எரிமலைப் பாறை உதிர்ந்து வந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்த எரிமலைப் பாறை தமிழ்நாட்டிலேயே கிடையாது. நம் கரிசல், நைஸ் என்ற பழைய உருமாறிய பாறை தட்டையான, தண்ணீர் வடியாத தரையில் மக்கி உண்டானது. பாடப்புத்தகத்தின் ஒரு வரியை நம்மூர் மண்ணே திருத்துகிறது என்றால் இந்தப் பொழுதுபோக்குக்கு நாம் நல்ல இடத்தில்தான் பிறந்திருக்கிறோம்.

முதலில் மலையை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் எல்லாருடைய கண்ணும் அங்கேதான் போகும். பொதிகைத் தொடரில் இருப்பது பெரும்பாலும் சார்னகைட், கொண்டலைட், நைஸ் வகைப் பாறைகள். இந்தியா, மடகாஸ்கர், இலங்கை, அண்டார்டிகா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலமாகச் சேர்ந்தபோது, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இவை பூமிக்கடியில் வெந்து உருமாறின. 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் நடந்த வேலை அது. இன்று அவை நம் காலடியில் கிடக்கின்றன என்றால், மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் அரித்துப் போய்விட்டது என்று பொருள். செங்கோட்டை, தென்காசிப் பக்கம் அச்சன்கோவில் வெட்டு மண்டலம் என்ற பெரிய பழைய முறிவு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகிறது. மடகாஸ்கரில் அதன் தொடர்ச்சி எது என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கதை பிரமாதம். ஆனால் இதில் எதையும் வெறும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது என்பதுதான் சிக்கல். சார்னகைட்டை அடையாளம் காட்டும் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமத்தை உறுதிப்படுத்த, பாறையைக் காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். கையில் எடுத்துப் பார்த்தால் தெரிவது ஒன்றுதான்: புதிதாக உடைந்த முகம் எண்ணெய் தடவியது போலக் கரும்பச்சையாக மினுங்கும், அதிலுள்ள குவார்ட்ஸ் என்ற படிகக்கல்கூட வெள்ளையாக இல்லாமல் நீலம் கலந்து தெரியும். அந்தப் புது முகம் மலையில் எங்கே கிடைக்கும்? அருவிப் பாறை முழுக்கப் பாசி, காட்டுப் பாறை முழுக்கக் கற்பாசி. உடைத்துப் பார்க்கவும் முடியாது. பாபநாசம், மணிமுத்தாறுக்கு மேலே எல்லாம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும், அங்கிருந்து ஒரு கல்லைக்கூட எடுத்து வரக்கூடாது.

இதே சார்னகைட்டைச் சென்னைப் பரங்கிமலையில் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். நமக்கு அது வீட்டு வாசல்படி, அம்மி, ஆட்டுக்கல். சரி, பழகிய பொருளுக்கு மதிப்பு குறைவுதான்.

மலைப்பக்கம் ஒன்றே ஒன்று புதியவருக்கும் புரியும்: தண்ணீர் பாறையைக் குடையும் விதம். குற்றாலம் பேரருவியில் தண்ணீர் நேராகக் கீழே விழுவதில்லை. பாதி உயரத்தில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான குழியில் விழுந்து, அங்கே பொங்கி வழிந்து, அப்புறம்தான் நம் தலைக்கு வருகிறது. வேகம் அந்தக் குழியிலேயே உடைந்துவிடுவதால்தான் கீழே நின்று குளிக்க முடிகிறது. குழியைத் தோண்டியதும் அதே தண்ணீர்தான், அது உருட்டி வந்த கற்களின் துணையோடு. சின்ன அளவில் இதே வேலையைப் பாறைப்படுகை உள்ள எந்த ஓடையிலும் பார்க்கலாம்: உரல் போன்ற குழி, அதன் அடியில் உருண்டைக் கல். அம்பாசமுத்திரம், கடையம், தென்காசிக்காரர்கள் வேண்டுமானால் இங்கிருந்து தொடங்கட்டும். மற்றவர்கள் காத்திருக்கலாம்.

ஆறு இதைவிடச் சுலபம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக மிகவும் தோதானது. தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர் மட்டும் ஓடும் ஆறு. பிறப்பும் முடிவும் ஒரே சீமைக்குள் அடங்கிவிடும், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மேலிருந்து கீழ்வரை நாலு இடத்தில் இறங்கிப் பார்த்துவிடலாம். பாபநாசத்தில் பாறாங்கல், சேரன்மகாதேவிப் பக்கம் கூழாங்கல், ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே மணலும் சேறும் என்று சரக்கு சிறுத்துக்கொண்டே போவது கண்ணுக்குத் தெரியும். ஆனால் இடையில் பெரிய அணைகளும், பாசனத்துக்கான எட்டு அணைக்கட்டுகளும் இருக்கின்றன, ஒவ்வொன்றும் மணலைப் பிடித்து வைக்கும். ஆகவே நீங்கள் பார்ப்பது இயற்கை அடுக்கி வைத்த வரிசை மட்டுமல்ல, பொதுப்பணித் துறையும் சேர்ந்து அடுக்கியது.

ஆற்றின் உண்மையான குறை வேறு. அங்கே கிடக்கும் கல் சொந்த ஊரில் இல்லை. எந்த மலையிலிருந்து வந்தது, வழியில் எதை இழந்தது என்று தெரியாது. அதோடு ஊர் எல்லைக்குள் கட்டட இடிபாடு, டைல்ஸ் துண்டு, கிரஷர் ஜல்லி எல்லாம் கலந்து கிடக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் குழப்பம். ஆனால் அந்த வெள்ளமே ஒரு பாடமும்தான். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவான அந்த இரண்டு நாட்களில் ஆறு நகர்த்திய மண்ணை, சாதாரண ஆண்டுகளில் எத்தனையோ காலம் எடுத்து நகர்த்தியிருக்கும். நிலம் மாறுவது பெரும்பாலும் இப்படிச் சில நாட்களில்தான்.

இப்போது தேரிக்கு வருவோம்.

இட்டமொழிப் பக்கமும், சாத்தான்குளத்துக்கும் திருச்செந்தூருக்கும் இடையே குதிரைமொழித் தேரியிலும், கண்ணுக்கு எட்டிய தூரம் செம்மணல். பனையும் முந்திரியும் உடைமரமும் நின்று மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு சிட்டிகை மணலை வெள்ளைத்தாளில் தூவி, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்சில் பாருங்கள். சிவப்பு நிற மணல் என்று ஒன்று இல்லை என்பது உடனே தெரியும். உள்ளே இருப்பது கண்ணாடி போன்ற குவார்ட்ஸ் மணி, அதன் மேல் துருத்தோல். தண்ணீரில் அலசினால் கொஞ்சம் செம்மண் கலங்கி வரும், ஆனால் மணியின் மேல் ஒட்டிய நிறம் அவ்வளவு சீக்கிரம் போகாது. இரும்புள்ள கனிமங்கள் சிதைந்து, அந்த இரும்பு ஆக்சைடாகி மணிகளைப் போர்த்தியிருக்கிறது.

இந்த மணல் எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். ஒன்று: ஆனி, ஆடியில் கணவாய் வழியே சீறி வரும் தென்மேற்குக் காற்று, மலையடிவாரச் செம்மண்ணைச் சலித்து, மணலை மட்டும் கிழக்கே கொண்டுவந்து குவித்தது. இன்னொன்று: சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் இப்போதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. மன்னார் வளைகுடாவின் கரையோர ஆழமற்ற பகுதி அப்போது தரை, அந்தத் திறந்த கடல்தரை மணலைக் காற்று வாரிப் போட்டது. நான் இரண்டுக்கும் இடம் உண்டு என்று நினைப்பவன். அதைவிட முக்கியம், இந்த விவாதத்தில் நீங்களும் கைலென்சோடு கலந்துகொள்ளலாம். மேற்கே நாங்குநேரிப் பக்கம் ஒரு பிடி, தேரியில் ஒரு பிடி, கடற்கரையில் ஒரு பிடி மணலைப் பார்த்து, மணிகள் எவ்வளவு உருண்டிருக்கின்றன, கறுப்பு மணிகள் எவ்வளவு, சிப்பித்தூள் உண்டா என்று எழுதி வைத்தாலே பாதி வாதம் புரிந்துவிடும். சார்னகைட் விஷயத்தில் இப்படி ஒரு வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்காது.

தேரியில் மனிதர்களும் இருந்திருக்கிறார்கள். சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பகுதித் தேரிகளில் கிடைத்த சிறு கல்கருவிகளைப் பற்றி ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்சினும் 1956-இல் விரிவாக எழுதினார்கள். விரல்நகம் அளவுக்குக் கூராகச் சீவிய குவார்ட்ஸ் துண்டு எதுவும் கண்ணில் பட்டால் பைக்குள் போடாதீர்கள். கிடந்த இடத்தோடு படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். கல் இடம் மாறினால் அது வெறும் கல்தான்.

தேரியிலிருந்து கடற்கரை கூப்பிடு தூரம். திருச்செந்தூரிலும் மணப்பாட்டிலும் கடலை ஒட்டி நிற்பது சுண்ணாம்பு கலந்த மணற்கல். வள்ளி குகை குடைந்திருப்பதும் மணப்பாட்டுத் திருச்சிலுவை ஆலயம் நிற்கும் மேடும் இதே வகைதான். கரையில் உதிர்ந்து கிடக்கும் ஒரு துண்டை எடுத்து இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். (கோயில் சுவரிலோ குகையிலோ இதைச் செய்து வம்பை விலைக்கு வாங்காதீர்கள்.) நுரைத்துச் சீறும். மணலைக் கல்லாக ஒட்டியது சிப்பி கரைந்த சுண்ணாம்பு என்று அந்த நுரை சொல்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் உள்வாங்கும் நேரத்தில் போனால், வழக்கமாகத் தண்ணீருக்குள் இருக்கும் பாறைத்தளமும் தெரியும். அந்த நாட்களில் கூட்டமும் அதிகம், அது வேறு கதை.

வினிகர் புட்டியை மூடிவிடாதீர்கள். தாழையூத்தில் 1949 முதல் சிமெண்ட் ஆலை ஓடுவதற்குக் காரணமான சுண்ணாம்புக்கல்லும் பொடித்துப் போட்டால் இதே போல நுரைக்கும். கரிசலில் தோண்டினால் வரும் சுக்கான் என்ற சுண்ணாம்புக் கட்டியும் நுரைக்கும். மூன்றும் சுண்ணாம்புதான், மூன்றும் வேறு வேறு கதை. தாழையூத்துக் கல், பழைய கடலில் படிந்து, மலைப் பாறைகளோடு சேர்ந்து வெந்து, சர்க்கரைக்கட்டி போலப் பளபளப்பான படிகமாக மாறியது. திருச்செந்தூர்க் கல், நிலவியல் கணக்கில் நேற்று உண்டானது. சுக்கான் இன்றும் மண்ணுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிறது. ஒரே சோதனையில் இத்தனை கால வித்தியாசத்தைக் கையில் பிடித்துப் பார்க்கக் கிழக்குப் பக்கம்தான் வசதி.

சுண்ணாம்பு கரையவும் செய்யும். திசையன்விளைக்குப் பக்கத்தில் ஆயன்குளத்தில் ஒரு கிணறு 2021 மழைக்காலத்தில் செய்தியானது. உபரி வெள்ளத்தை வாரக்கணக்கில் திருப்பிவிட்டும் நிரம்பவே இல்லை. அதிசயக் கிணறு என்று கூட்டம் கூடியது. சென்னை ஐஐடி குழு வந்து ஆராய்ந்தபோது, அடியில் சுண்ணாம்புப் பாறை கரைந்து துளையும் குகையுமாக இருப்பது தெரிந்தது. திருச்செந்தூர் நாழிக் கிணற்றில் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் கிடைப்பதற்கும் நிலத்தடி நீரில் விளக்கம் உண்டு. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைந்தது, மணற்பாங்கான கரையில் அதன் மேல் மிதக்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே நாற்பது மீட்டர் வரை நன்னீர் இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. அளவுக்கு மீறி மோட்டார் போட்டு உறிஞ்சினால் உப்பு ஏறுவதும் இதே கணக்கால்தான். கடலோர ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடற்கரையில் இன்னும் ஒன்று பாக்கி: தாதுமணல். அலை விட்டுப்போன கறுப்பு, இளஞ்சிவப்புப் பட்டைகளில் ஒரு காந்தத்தைப் பாலித்தீன் கவருக்குள் போட்டு இழுங்கள். கவர் இல்லாமல் செய்தால் அந்தக் காந்தம் அதோடு சரி, மணிகளை உதறவே முடியாது. சாதாரணக் காந்தத்தில் மேக்னடைட் என்ற இரும்புத்தாது ஒட்டும். வலுவான காந்தம் இல்மனைட் என்ற டைட்டானியத் தாதுவையும் அசைக்கும். இளஞ்சிவப்பாக, உடைந்த கண்ணாடி போல மின்னுவது கார்னெட். இவையெல்லாம் மலையிலிருந்து வந்தவை. அங்கே பாசி மூடிய பாறைக்குள் ஒளிந்திருந்த கனிமங்களைக் கடல் கழுவிப் பிரித்து, இங்கே தனித்தனியாக வைத்திருக்கிறது. மலையைப் படிக்கக் கடலுக்கு வாருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் முக்கியக் காரணம். பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள். தாதுமணல் அள்ள 2013-இல் தமிழக அரசு தடை விதித்தது. தோரியம் உள்ள மோனசைட்டும் அதில் கலந்திருக்கும். மூட்டையைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறிவிட்டு, "பொழுதுபோக்குக்காக எடுத்தேன்" என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

குவாரிக்குப் போனால் புதிதாக உடைந்த பாறை முகம் நிறையக் கிடைக்குமே என்று சிலர் கேட்பார்கள். கிடைக்கும். ஆனால் 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்ததை மறக்க வேண்டாம். அன்றாடம் அங்கேயே வேலை செய்தவர்களுக்கே அந்தக் கதி. கைவிட்ட குவாரி இன்னும் மோசம், யாரும் இல்லாத இடத்தில் விழுந்தால் கேட்க நாதியில்லை. அதற்குப் பதில் தெருவில் போர் போடும் லாரி வந்தால் போய் நில்லுங்கள். குழாயிலிருந்து கக்கும் தூள் முதலில் சிவப்பாக, பிறகு மங்கிய மஞ்சளாக, கடைசியில் சாம்பல் நிறமாக மாறும். சிவப்பு மண், மஞ்சள் மக்கிய பாறை, சாம்பல் கெட்டிப் பாறை. "அண்ணாச்சி, எத்தனை அடியில கெட்டி வந்துச்சு?" என்று கேட்டால் அவர் எந்தப் புத்தகத்திலும் இல்லாத துல்லியத்தில் சொல்வார். ஒரே தெருவில் நாலு வீட்டுக் கணக்கைக் குறித்தால் நிலத்தடியின் குறுக்குவெட்டுப் படமே உங்கள் நோட்டில் இருக்கும்.

புதைபடிவம்தான் வேண்டும் என்பவர்கள் அரியலூருக்குப் போக வேண்டும். நம் பக்கத்து மலைப் பாறை வெந்த வேக்காட்டில் எந்த எலும்பும் சிப்பியும் தப்பாது.

சரி, படிப்பு? இலவசமாகத் தமிழில் வேண்டுமென்றால் தமிழ்நாடு அரசின் ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் நிலக்கோளம் பற்றிய பாடங்கள் போதும். யாரும் வெட்கப்பட வேண்டாம். ஆங்கிலம் ஓடும் என்றால் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் பாடநூல்கள் இஞான்கோஷ் தளத்தில் இலவசம். என்னைக் கேட்டால் ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் இணைய வகுப்பின் காணொளிகளைவிட இவைதான் மேல், நிதானமாகத் திருப்பிப் படிக்கலாம். என்பிடெல்லுக்கு வேறு பலன்: கெடு இருக்கும், தேர்வு இருக்கும், பணம் கட்டினால் சான்றிதழ் இருக்கும். கெடு இல்லாமல் எதையும் முடிக்காத ரகம் நீங்கள் என்றால் அதுதான் சரி. பட்டப்படிப்பு பொழுதுபோக்குக்காரருக்கான வழியே அல்ல. வீட்டில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்கு இதில் ஆசை வந்தால் மட்டும் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் நிலவியல் துறை இருப்பதைச் சொல்லுங்கள். வேலையாக எடுத்துக்கொள்வதென்றால் முதுநிலை வரை போக வேண்டியிருக்கும், ஏனென்றால் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்கு ஆள் எடுக்கும் தேர்வே அந்தத் தகுதியைக் கேட்கிறது.

ஆனால் எந்தப் படிப்பையும் நாலைந்து தடவை வெளியே போய்விட்டுத் தொடங்குங்கள். கேள்வி கையில் இருந்தால்தான் பாடம் ஓடும். வரைபடத்துக்கு, அதே ஆய்வு நிறுவனத்தின் பூகோஷ் தளத்தில் நம் மாவட்டங்களின் நிலவியல் வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. தளம் கொஞ்சம் மக்கர் பண்ணும், பொறுமை வேண்டும். கைப்பேசிச் செயலிகளை இதற்கு நம்ப வேண்டாம், நம் பக்கம் முழுவதையும் ஒரே வண்ணத்தில் பூசிவிடும். இந்தச் சீமையின் நிலவியலை முதலில் முறையாக எழுதியவர் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்கள் பற்றிய அவர் அறிக்கை 1883-இல் வந்தது. பாடம் கொஞ்சம் ஏறிய பிறகு அதைப் படித்தால், மனிதர் குதிரையிலும் மாட்டுவண்டியிலும் போய் எவ்வளவு பார்த்திருக்கிறார் என்று மலைப்பாக இருக்கும்.

கருவிக்குப் பெரிய செலவில்லை. கைலென்ஸ் சில நூறு ரூபாய். காந்தம், சின்னப் புட்டியில் வினிகர், பேனாக்கத்தி, நோட்டு. கனிமத்தை உரசி அதன் தூள் நிறம் பார்க்க, குளியலறை டைல்ஸின் பளபளப்பில்லாத பின்பக்கம் போதும். சுத்தியல் முதல் ஆண்டுக்கு வேண்டாம். வாங்கினால் எதையாவது உடைக்கத் தோன்றும், கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் உடைப்பார்கள், சில்லு தெறிக்கும்.

ஆக, பாளையங்கோட்டையிலோ டவுனிலோ இருப்பவர் திருச்செந்தூர் ரயிலைப் பிடியுங்கள், செங்கோட்டை ரயில் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். தென்காசிப் பக்கத்தவருக்குக் கடல் தூரம் என்றால் சிற்றாற்றுப் படுகையில் தொடங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிழக்கே வந்து போகலாம். முழங்கால் வலி உள்ள ஓய்வுபெற்றவர்களுக்குத் தேரி மணலில் நடப்பது கஷ்டம், அவர்கள் மணப்பாட்டுக் கரையோடு நிறுத்திக்கொள்ளட்டும். ஆடியில் தேரிக்குப் போக வேண்டாம், காற்றில் மணல் முகத்தில் அறையும். கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி, தை மாதங்களில் போனால் மணல் கொஞ்சம் இறுகியிருக்கும், மழை அறுத்த ஓடைக்கரைகளில் அடுக்கும் தெளிவாகத் தெரியும். காலை பத்து மணிக்குள் தேரியை விட்டுக் கிளம்பிவிடுங்கள், அதற்கு மேல் அந்த மணலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது.